சட்டையில்லாத கரியப்பன்

டீ வேண்டாம், ஐயா. ஸ்டேஷனுக்கு எதிரே இருக்கும் கடையில் சர்க்கரையை அள்ளிப் போடுகிறார்கள், எனக்கு இப்போதெல்லாம் இனிப்பு ஒத்துக்கொள்வதில்லை. மின்விசிறியை மட்டும் கொஞ்சம் குறைக்கச் சொல்லுங்கள். நான் ஓசூருக்கு வந்த புதிதில் இந்த ஊரில் யார் வீட்டிலும் மின்விசிறி கிடையாது. சித்திரையிலும் போர்வை வேண்டும்.

வக்கீல் என்னைப் பேச வேண்டாம் என்றார். மறுத்துவிட்டால் போதுமாம். மாத்திரை கையில் இல்லை, மாற்றியதைப் பார்த்தவர் இல்லை, உடலைப் புதைத்து நாளாகிவிட்டது, புகார் கொடுத்த நஞ்சம்மாவின் வார்த்தையைத் தவிர உங்களிடம் ஒன்றும் இல்லை என்றார். அவர் சொல்வது சரிதான். ஆனால் மறுப்பதற்கும் தெம்பு வேண்டும், ஐயா. ஒரு பொய்யைச் சொன்னால் அதற்கு முட்டுக் கொடுக்க இன்னொன்றைத் தேட வேண்டும். நான் களைத்துவிட்டேன். நடந்ததை நடந்தபடி சொல்லிவிட்டால் வேலை முடிந்தது.

எனக்குக் குருபரப்பள்ளிக்குப் பக்கத்துக் கிராமம். எங்களுக்கு நிலம் உண்டு, மாந்தோப்பு உண்டு. அப்பா என்னை வேளாண்மை படிக்கச் சொன்னார். நான் சென்னைக்குப் போய் ஓவியக் கல்லூரியில் சேர்ந்தேன். எழுபதுகளின் தொடக்கம் அது. அப்போது அங்கே யாரும் மனிதர்களை வரையவில்லை. வட்டம், முக்கோணம், எழுத்து, யந்திரம் என்று எல்லோரும் வேறெங்கோ போய்க்கொண்டிருந்தார்கள். ஒரு ஆளை உட்காரவைத்து, அவன் மூக்கை மூக்காக வரைவது பழைய காலத்து வேலை என்று நண்பர்கள் சிரித்தார்கள். எனக்கு வேறு எதுவும் வரவில்லை. ஒரு முகத்தைப் பார்த்தால் அதை அப்படியே கொண்டுவர வேண்டும் என்பதைத் தவிர எனக்கு எந்த ஆசையும் இருந்ததில்லை.

உருவ வகுப்பு எடுத்த ஆசிரியர் ஒருவர் இருந்தார். என் கரிக்கோல் படத்தைப் பார்த்துவிட்டு, கட்டைவிரலால் நெஞ்சுப் பகுதியைத் தேய்த்து அழித்தார். "தோல் நல்லா இருக்கு. உள்ள ஆள் இல்லையே" என்றார். பிறகு எங்களை மருத்துவக் கல்லூரிக்கு அழைத்துப்போய் எலும்புகளை வரையவைத்தார். மற்றவர்கள் முகம் சுளித்தார்கள். நான் விடுமுறையிலும் போனேன். எலும்பு எங்கெல்லாம் தோலுக்கு அருகில் வருகிறதோ, அங்கெல்லாம்தான் மனிதன் தெரிகிறான். தோள்பட்டை, காறையெலும்பு, முழங்கை, கணுக்கால். சதை இருக்கும் இடத்தில் எல்லா மனிதரும் ஒரே மாதிரிதான். இதை நான் அங்கே கற்றுக்கொண்டேன். கற்றுக்கொடுத்தவர் மேல் பழி போடவில்லை.

படிப்பு முடிந்து ஊருக்குத் திரும்பியபோது வேலை இல்லை. கிருஷ்ணகிரியில் ஒரு கடையின் மாடியில் அறை எடுத்து, இறந்துபோனவர்களின் படங்களை எழுதினேன். எப்போதோ எடுத்த மங்கலான புகைப்படத்தைக் கொண்டுவந்து தருவார்கள். அதை வைத்துக்கொண்டு பெரிதாக, கண்ணில் ஒளியோடு எழுதித் தருவேன். "எங்க மாமனாரு உசுரோட இருந்தப்பகூட இப்பிடி இருந்ததில்லீங்க" என்று ஒரு பெண் சொல்லிவிட்டு அழுதாள். பாராட்டுதான். எனக்கு அது பிடிக்கவில்லை. அந்தப் படங்களிலும் உள்ளே ஆள் இல்லை என்பது எனக்குத் தெரியும்.

ஓசூரில் தொழிற்பேட்டை வளர்ந்ததும் ஒரு தொழிற்சாலையின் விளம்பரப் பிரிவில் வேலை கிடைத்தது. தலைக்கவசம் போட்ட தொழிலாளி சிரிப்பது போலப் பாதுகாப்புப் பலகைகள் எழுதுவேன். மூக்கண்டப்பள்ளியில் வீடு. மணம் செய்துகொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்காகப் படம் எழுதுவேன். பத்து வருடங்களுக்கு மேல் எழுதினேன், ஐயா. பெங்களூரில் இரண்டு முறை குழுக் கண்காட்சியில் வைத்தேன். யாரும் நின்று பார்க்கவில்லை.

கரியப்பனை முதலில் குழாயடியில் பார்த்தேன். எங்கள் தெருவுக்குப் பின்னால் வரிசை வீடுகள். மார்கழிக் காலையில் இடுப்பில் துண்டோடு குளித்துக்கொண்டிருந்தான். குடத்தைத் தூக்கித் தலையில் கவிழ்த்தபோது காறையெலும்புக்கு மேலே இருந்த குழியில் தண்ணீர் தேங்கி நின்றது. நான் சைக்கிளை நிறுத்திவிட்டேன். கல்லூரியில் எலும்பாகப் பார்த்தது எல்லாம் ஒரு ஆளாக எழுந்து நின்று குளிப்பது போல இருந்தது.

அவன் நாட்றாம்பாளையத்துக்காரன். மூன்று தலைமுறையாகப் பிறர் நிலத்தில் உழைத்த குடும்பம். வார்ப்பட ஆலை ஒன்றில் மண் அச்சு தட்டும் வேலைக்கு வந்திருந்தான். மனைவி நஞ்சம்மா ரோஜாத் தோட்டத்தில் பூ பறித்துக்கொண்டிருந்தாள். வீட்டில் இருவரும் கன்னடம் பேசுவார்கள், என்னோடு தமிழ்.

"கரியப்பா, ஞாயித்துக்கெழம வந்து சும்மா ஒக்காந்திரு. கூலி தரேன்" என்றேன்.

"சும்மா ஒக்கார்றதுக்குக் கூலியா சார்?" என்று சிரித்தான். "உங்களாட்டம் நெலக்காரங்க ஊட்டுல எங்கப்பன் செத்த நேரம் ஒக்காந்தார்னா அடிதான் உழும். அவருக்குத் தெரிஞ்சா நம்ப மாட்டாரு."

நன்றாக உட்காருவான். அச்சு தட்டுகிறவன் ஆனதால் அசையாமல் குந்தி இருக்கும் பழக்கம் அவனுக்கு இருந்தது. நான் கித்தானில் முதலில் பழுப்பு நிறம் பூசி, அதன்மேல் உடம்பு முழுவதையும் மங்கிய பச்சையில் எழுதுவேன். பச்சை காய்ந்த பிறகுதான் தோலின் நிறத்தை மெல்லிய படலமாக ஏற்றுவேன். அடியில் இருக்கும் பச்சை நிழல்களில் எட்டிப் பார்க்கும். அப்போதுதான் தோலுக்கு உயிர் வரும். கரியப்பன் பாதி வேலையில் எழுந்து வந்து பார்த்தான்.

"என்னா சார், பச்சையா இருக்குது? பொணமாட்டம்."

"இன்னும் முடியல. மேல ஆளு வருவான்" என்றேன்.

அந்தப் படத்தைப் பெங்களூரில் ஓவியக் காலரி ஒன்றை நடத்தும் அம்மாள் பார்த்தார். வீட்டுக்கே வந்து, சுவரில் சாய்த்து வைத்திருந்த எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு அதன் முன் நின்றார். யார் இந்த மனிதர், இவருடைய எலும்பு பேசுகிறதே என்றார். இவரை வைத்தே ஒரு வரிசை எழுதுங்கள், தனிக் கண்காட்சி வைக்கலாம் என்றார். எனக்கு அப்போது நாற்பது வயது நெருங்கிக்கொண்டிருந்தது.

அப்போதே அவனுக்கு நோய் இருந்திருக்கிறது. அவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அவன் வற்றிக்கொண்டிருந்தான், நான் எழுதிக்கொண்டிருந்தேன். அதுவரை என் மேல் குற்றமில்லை, அதை நீங்கள் குறித்துக்கொள்ளலாம்.

ஒரு நாள் உட்கார்ந்திருக்கும்போதே இருமினான். துண்டில் ரத்தம். நான்தான் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனேன். டி.பி. என்றார்கள். இப்போது நல்ல மருந்து வந்துவிட்டது, விடாமல் சாப்பிட்டால் முழுதாகக் குணமாகும் என்று டாக்டர் சொன்னார். விடாமல் என்பதை இரண்டு முறை சொன்னார். சிவப்பு மாத்திரை சாப்பிட்டால் சிறுநீர் ஆரஞ்சாக, செந்நிறமாகப் போகும், பயப்படாதீர்கள் என்றும் சொன்னார். அதை நான்தான் நஞ்சம்மாவுக்கு விளக்கினேன்.

மருந்தை நானே வாங்கித் தருவதாக ஏற்றுக்கொண்டேன். வேலையாக நான் அடிக்கடி பெங்களூர் போகிறவன். அங்கே எப்போதும் கிடைக்கும். இதில் எந்தக் கள்ளமும் அன்றைக்கு இல்லை, ஐயா. நஞ்சம்மா என் காலில் விழ வந்தாள், நான் விலகிக்கொண்டேன். முட்டையும் பாலும்கூட வாங்கிக் கொடுத்தேன்.

மருந்து வேலை செய்தது. கன்னம் நிரம்பியது. காறைக்குழி மேடாயிற்று. களியை இரண்டு உருண்டையாகக் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறான் என்று நஞ்சம்மா பூரித்தாள். என் முன்னால் உட்கார்ந்தால் அவனுக்கு நிலைகொள்ளவில்லை. ஊர்க்கதை பேசினான், சிரித்தான். நான் எழுதினேன். எழுதியதெல்லாம் என் பாதுகாப்புப் பலகைகள் போல இருந்தன.

காலரி அம்மாள் புதிய படங்களைப் பார்த்தார். "இவர் வேறு யாரோ போல இருக்கிறாரே" என்று மட்டும் சொன்னார். அவருக்கு எதுவும் தெரியாது. அவரைத் தொந்தரவு செய்யாதீர்கள்.

அன்று பெங்களூரில் பஸ் ஏறுவதற்கு முன் வழக்கமான மருந்துக்கடைக்குப் போனேன். கண்ணாடி அலமாரியில் இரும்புச்சத்து மாத்திரை இருந்தது. அதே பருமன், அதே சிவப்பு. நிறங்களை ஒப்பிட்டுப் பார்ப்பது என் தொழில், ஆகையால் எனக்குத்தான் சின்ன வித்தியாசம் தெரிந்தது. கூடவே சாப்பிடும் வெள்ளை மாத்திரைகளுக்குப் பதில் சுண்ணாம்புச்சத்து மாத்திரை. உறையில் போட்டுத் தரச் சொன்னேன். அத்திப்பள்ளி செக்போஸ்டில் பஸ் நின்றபோது சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். இரும்புச்சத்தும் உடம்புக்கு நல்லதுதானே என்று நினைத்துக்கொண்டது ஞாபகம் இருக்கிறது.

இரண்டு படம் முடியும்வரை என்றுதான் நினைத்தேன். அதற்குப் பிறகு அசல் மருந்தையே வாங்கிவிடலாம்.

காறைக்குழி திரும்பி வந்தது. முதலில் தோள், பிறகு விலா, கடைசியில் முகம். நோய் ஒரு நல்ல சிற்பி மாதிரி, ஐயா. வேண்டாததை மட்டும் எடுக்கும். அந்த மாதங்களில் நான் எழுதியது போல வாழ்க்கையில் எழுதியதில்லை. தூரிகையை வைத்த இடத்தில் அவன் இருந்தான். ஆசிரியர் உயிரோடு இருந்திருந்தால் கட்டைவிரலை வைத்திருக்க மாட்டார்.

நடுவில் எனக்கே மனம் கேட்கவில்லை. அசல் மருந்தை வாங்கிக் கொடுத்தேன். அவன் தேறத் தொடங்கினான். கண்காட்சிக்குத் தேதி வைத்தார்கள், பெரிய படம் ஒன்று பாக்கி இருந்தது. மறுபடி மாற்றினேன். விளக்குத் திரியை ஏற்றி இறக்குவது போலத்தான் இருந்தது. இப்படி விட்டுவிட்டுக் கொடுத்தால் அசல் மருந்தும் பிறகு பலிக்காது என்பது எனக்கு அப்போது தெரியாது. தெரிந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டுப் பார்த்திருக்கிறேன்.

நஞ்சம்மா ஒருநாள் பூக்கூடையோடு வாசலில் நின்றாள்.

"சார், மொதல்ல மூத்திரம் செவப்பா போவும்னு சொன்னீங்க. அப்பிடியே போச்சி. இப்ப போவுலீங்களே?"

"ஒடம்புக்கு மருந்து பழகிடுச்சு நஞ்சம்மா. பழகிட்டா நெறம் நின்னுடும்."

"அப்ப நல்லதுங்களா?"

"நல்லதுதான்."

"ஆனா எளைச்சிக்கினே போறாருங்களே."

"நோய் உள்ள இருந்து வெளிய வருதில்ல, அப்பிடித்தான் இருக்கும். டாக்டர்கிட்ட கேட்டுட்டுத்தான் சொல்றேன்."

அவள் தலையாட்டினாள். படித்தவன் சொன்னால் நம்புகிற பெண். அவள் போன பிறகு வேலையைத் தொடர்ந்தேன். அன்று விலாவின் நிழல் நன்றாக வந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

கரியப்பன் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டான். யுகாதிக்கு ஒரு சட்டை வாங்கியிருந்தான், நீலக் கோடு போட்டது. இஸ்திரி போட்டு மடித்து, கக்கத்தில் வைத்துக்கொண்டு வந்தான்.

"எல்லாத்துலயும் என்னைய அவுத்துப் போட்டே எழுதறீங்க. ஒன்னே ஒன்னு சட்ட போட்டு எழுதுங்க சார். ஊர்ல அப்பன் ஊட்டுல மாட்டுவேன்."

அடுத்த வாரம் எழுதலாம் என்றேன். அடுத்த வாரமும் கொண்டுவந்தான். வெளிச்சம் சரியில்லை என்றேன். அதற்குப் பிறகு அவன் கொண்டுவரவில்லை.

கண்காட்சி நடந்தது. அவன் வரவில்லை, அப்போது அவனால் பஸ் ஏற முடியாது. பத்திரிகைகளில் எழுதினார்கள். ஒருவர் 'கருணையின் கண்' என்று தலைப்புப் போட்டிருந்தார். உழைப்பாளியின் உடல்மேல் இவ்வளவு பரிவு கொண்ட ஓவியர் நம்மிடையே இல்லை என்று இன்னொருவர். டில்லியிலிருந்து அழைப்பு வந்தது. தொழிற்சாலை வேலையை விட்டேன். யார் வீட்டுக்கு விருந்துக்குப் போனாலும் கருணையைப் பற்றிக் கேட்டார்கள். பதில் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. இந்தக் களைப்பு அங்கேதான் தொடங்கியது என்று நினைக்கிறேன்.

கரியப்பனை ஊருக்குத் தூக்கிப் போனார்கள். நானும் நாட்றாம்பாளையம் போனேன். ஒரே அறை, கதவைத் திறந்தால் எதிரே மலை. பகல் முழுவதும் அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். மடியில் பலகை, கையில் கரிக்கோல். ஊர்க்காரர்கள் எட்டிப் பார்த்து, இப்படி ஒரு சிநேகிதனா என்று பேசிக்கொண்டார்கள். நஞ்சம்மா எனக்கு மோர் கொண்டுவந்து வைத்தாள். அவளும் அப்போது இருமத் தொடங்கியிருந்தாள். நான் கவனித்தேன்.

பிற்பகலில் அவனுக்குப் பெரிய இருமல் வந்தது. உடம்பு முழுக்கக் குலுங்கியது. அடங்கியதும் கண்ணைத் திறந்து என் கையில் இருந்த பலகையைப் பார்த்தான்.

"மன்னிச்சிக்கங்க சார். அசஞ்சிட்டேன்" என்றான்.

"பரவால்ல கரியப்பா" என்றேன்.

அன்று பொழுது சாய்வதற்குள் போய்விட்டான். படம் முடிந்திருந்தது.

காரியத்துக்கு முன் நஞ்சம்மா மூக்கண்டப்பள்ளிக்கு வந்தாள். மாலை போடுவதற்குப் படம் ஒன்று வேண்டும், ஆலை அடையாள அட்டையில் இருப்பது தபால் தலை அளவுதான், அவரைத்தான் இத்தனை எழுதியிருக்கிறீர்களே என்றாள். இருந்தவற்றைத் திருப்பிக் காட்டினேன். ஒவ்வொன்றாகப் பார்த்தாள். எல்லாவற்றிலும் விலா. "இதுக்கு எப்பிடிங்க மால போடறது" என்று முணுமுணுத்துக்கொண்டே வெறுங்கையோடு போனாள். சட்டை போட்டு ஒன்று எழுதித் தந்திருக்கலாம். அவன் முகம் எனக்கு மனப்பாடம். ஆனால் டில்லிக்குப் படங்களைக் கட்டி அனுப்ப வேண்டியிருந்தது.

அதன் பிறகு அவள் தானாகவே ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறாள். தோட்டத்தில் கூட வேலை பார்க்கும் பாப்பம்மா அழைத்துப் போனாளாம். அதே நோய், அதே மருந்து. மருந்தைத் தானே வாங்கிக்கொண்டாள்.

போன மாதம் என் வீட்டுக்கு வந்தாள். உடம்பு தேறியிருந்தது. உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"சார், எனக்குப் பழகவே இல்லீங்க" என்றாள்.

எனக்குப் புரியவில்லை.

"மாத்தர முடியப் போவுது. இன்னும் மூத்திரம் செவப்பாத்தான் போவுது. டாக்டரம்மாவக் கேட்டேன். மாத்தர உள்ள போற வரைக்கும் நெறம் நிக்காதாம். எம் புருசனுக்கு மட்டும் எப்பிடி சார் பழகுச்சி?"

அவள் வெகுநேரம் காத்திருந்தாள். சத்தம் போடவில்லை, அழவில்லை. பிறகு என்னோடு ஒருநாளும் பேசாத கன்னடத்தில், "யாக்கே?" என்றாள். ஏன் என்று அர்த்தம். என்னிடம் கேட்டாளா, தன்னைத்தானே கேட்டுக்கொண்டாளா என்று தெரியவில்லை.

பொய் சொல்லியிருக்கலாம். கடைக்காரன் மாற்றிக் கொடுத்துவிட்டான் என்றால் நம்பக்கூட நம்பியிருப்பாள். ஆனால் அவ்வளவு நேராக யாரும் என்னைக் கேட்டதில்லை.

"படம் நல்லா வந்துச்சு, நஞ்சம்மா" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். நான் ஆயிரம் முகங்களைப் பார்த்து எழுதியவன், ஐயா. அந்தப் பார்வைக்கு எனக்கு நிறம் தெரியவில்லை. பிறகு முந்தானையால் வாயை மூடிக்கொண்டு தெருவில் இறங்கி நடந்தாள். நேராக உங்களிடம்தான் வந்திருக்கிறாள்.

எழுதிக்கொள்ளுங்கள். மருந்தை மாற்றியவன் நான். தெரிந்தே மாற்றினேன். யாரும் தூண்டவில்லை. அவன் செத்துப்போகக்கூடும் என்பது தெரியும். கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று காட்டினால் போட்டுவிடுகிறேன்.

என்ன தண்டனை என்று நான் கேட்கப்போவதில்லை. ஒரே ஒரு விண்ணப்பம். என் வீட்டில் இருக்கும் படங்களை எரித்துவிட வேண்டும் என்று நஞ்சம்மா புகாரில் சொல்லியிருப்பதாக வக்கீல் சொன்னார். அவள் கோபம் நியாயமானது. ஆனால் அவளுக்கு யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும். அவற்றை ஈரமான அறையில் அடுக்கிப் போடாதீர்கள், பூஞ்சை பிடித்துவிடும். வெயிலும் ஆகாது. துடைப்பதானால் மெல்லிய பருத்தித் துணி. கரியப்பன் இப்போது இருப்பது அந்தக் கித்தான்களில் மட்டும்தான். அவனைக் காப்பாற்ற இத்தனை வருடம் நான் பாடுபட்டிருக்கிறேன். அவனுக்கு ஏதாவது ஆகிவிட்டால், ஐயா, அதைச் செய்தவர்களை என்னால் ஒருநாளும் மன்னிக்க முடியாது.